முள்ளும் பொய், சூடும் உண்மை: பழைய கார் வைத்திருக்கும் ஓர் ஆசிரியைக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய கார்களின் விலை ஏறியிருந்த காலத்தில், கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு 1984ஆம் ஆண்டு நிசான் சன்னி பி11 கார் ஒன்றை வாங்கியவர். அன்றாடம் பாடசாலைக்குப் போவதும், மாதம் ஒரு முறை தாயாரை மாங்குளம் வழியாகக் கிளிநொச்சி வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான்.

சில மாதங்களாக வெப்ப மீற்றரின் முள் மேலே ஏறுகிறது. உழவு இயந்திரத்தின் பின்னால் கிரவல் வீதியில் ஊரும்போது ஏறும். ஏ9 வீதியில் வேகமெடுத்தால் இறங்கும். முதலாவது கராஜில் ‘இந்த வெயில் நாட்டுக்கு இது எதற்கு’ என்று, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வான தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். அதன்பின் ஓட்டத்தில் முள், குளிரைக் குறிக்கும் ‘சி’யை விட்டு அசைவதில்லை, நிறுத்தினால் ஏறுகிறது. இரண்டாவது கராஜில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உட்புறத்தில் வெளிறிய நுரையைக் கண்டு, ஹெட் கஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்றார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். மூன்றாமவர் மீற்றரின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘மீற்றர்தான் பிழை, அதைப் பார்க்காமல் ஓட்டுங்கள் மிஸ்’ என்றார். இரவில் முன்விளக்கைப் போட்டால் வெப்ப முள்ளும் பெற்றோல் முள்ளும் சேர்ந்தே ஏறுவதைக் கவனித்திருந்ததால், இவரும் அதை நம்பினார்.

சென்ற மாதம் முறிகண்டியில் தாயார் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தபோது முள், சூட்டைக் குறிக்கும் ‘எச்’சைத் தொட்டது, ஆவி கிளம்பியது. சிறிது நேரத்தில் முள் ‘சி’க்கு விழுந்தது. சூடு தணிந்துவிட்டதென்று எண்ணிக் கிளிநொச்சி வரை ஓட்டினார். வழியில் எஞ்சினுக்குள் ‘டிக் டிக்’ என்ற சத்தம்; இழுவையும் குறைந்தது. ஆறிய பின் ரேடியேற்றர் ஏறத்தாழ நான்கு லீற்றர் தண்ணீர் குடித்தது. இப்போது இரண்டு நாளைக்கு ஒரு போத்தல் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒயில் கோலில் ஒயில் சுத்தமாக இருக்கிறது. கணவரின் தமையனார், வெளியே சொல்லாமல் விற்றுவிடச் சொல்கிறார். யாரை நம்புவது, ஹெட்டைக் கழற்றலாமா, மீற்றரை மட்டும் திருத்தினால் போதுமா, அடுத்த கிளினிக்குக்கு அம்மாவை இந்தக் காரில் கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘முன்பெல்லாம் காரை நிறுத்தினால் விசிறிச் சத்தம் கேட்கும், இப்போது கேட்பதில்லை.’

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் அடிக்கோடிட்டேன். மூன்று கராஜ்களிலும் ஒருவராவது உங்களை உட்காரவைத்து, ‘எப்போது சூடேறுகிறது, எப்போது இறங்குகிறது’ என்று கேட்டிருந்தால் இத்தனை அலைச்சல் வந்திருக்காது. நீங்கள் கவனித்து எழுதியவை பல கராஜ்களில் எழுதப்படும் குறிப்பைவிடத் தெளிவாக இருக்கின்றன. காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாமவர் சொன்னதில் உண்மை இருக்கிறது: உங்கள் மீற்றர் பொய் சொல்கிறது. ஆனால் மீற்றர் பிழையென்றால் எஞ்சின் சரி என்று அவர் எடுத்த முடிவும், நீங்கள் எடுத்த முடிவும் தவறானவை. மீற்றரில் ஒரு பழுதும் குளிர்விப்பில் இன்னொரு பழுதும் ஒரே காரில் ஒரே காலத்தில் இருக்கலாம். நாற்பது வருடக் காரில் அது மிகச் சாதாரணம். உங்கள் காரில் இரண்டும் இருக்கின்றன என்பது என் கணிப்பு. முறிகண்டியில் கிளம்பிய ஆவி மீற்றரிலிருந்து வரவில்லை.

முள் பொய் சொல்வது எப்படி

உங்கள் காரின் எஞ்சினில், தண்ணீர் ஓடும் இடத்தில் விரல் நுனியளவில் ஒரு வெப்ப உணரி திருகப்பட்டிருக்கும். கராஜில் சென்சர் என்பார்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் மேலே போகும். அதிலிருந்து மீற்றருக்கு ஒற்றை வயர்தான் போகிறது. திரும்பும் வழி எஞ்சினின் உலோக உடலே. ஆகவே உணரியின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றிச் சுற்றித் திருகினால் தொடர்பு கெட்டு முள் குறைத்துக் காட்டக்கூடும். வேறு காரின் உணரியைப் பொருத்தினாலும் முள் தன் இஷ்டத்துக்கு நிற்கும். மரை பொருந்துகிறது என்பதற்காக அளவு பொருந்திவிடாது.

உங்கள் இரவு அனுபவத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பற்றரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால், பழைய கார்களில் வெப்ப மீற்றருக்கும் பெற்றோல் மீற்றருக்கும் பொதுவாக ஒரு சிறு சீராக்கியை வைத்திருப்பார்கள். காருக்குக் கார் வேறுபட்டு, 7 முதல் 10 வோல்ட் வரையான ஓர் அளவை அது இரண்டுக்கும் ஒரே சீராகக் கொடுக்கும். மீற்றர் பலகையின் ஏர்த் வயர் (மின்சாரம் காரின் உடல் வழியே பற்றரிக்குத் திரும்ப உதவும் இணைப்பு) துருப்பிடித்தோ தளர்ந்தோ இருந்தால், விளக்கைப் போட்டதும் அந்தச் சீராக்கி தடுமாறி அளவுக்கு மேல் கொடுக்கும். இரண்டு முட்களும் சேர்ந்து ஏறும். பெற்றோல் முள்ளும் ஏறுகிறது என்று நீங்கள் எழுதியதால்தான் இதை இத்தனை உறுதியாகச் சொல்ல முடிகிறது: விளக்குப் போட்டதால் தாங்கியில் பெற்றோல் கூடாதல்லவா? மீற்றர் பலகையைக் கழற்றி, ஏர்த் முனையைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அத்துடன் பற்றரிக்கும் எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான தடித்த ஏர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும்.

வயரைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சாவியைப் போட்டு, உணரியின் வயரைக் கழற்றினால் முள் ‘சி’க்கு விழ வேண்டும். கழற்றிய வயரைச் சிறு மின்குமிழ் ஒன்றின் ஊடாக எஞ்சின் உலோகத்தில் தொட்டால் முள் மெல்ல மேலேற வேண்டும். குமிழில்லாமல் நேரே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மீற்றர் கருகலாம். இரண்டும் நடந்தால் மீற்றரும் வயரும் சரி, சந்தேகம் உணரியில்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். இத்தகைய காரில் ஐந்து லீற்றர் அளவு தண்ணீர் இருக்கும். அத்தனை தண்ணீர் ஒரு நொடியில் இருபது பாகை சூடேறவோ ஆறவோ முடியாது. முள் துள்ளினால், நடுங்கினால், குழியில் விழும்போது குதித்தால் அது மின்சாரப் பழுது. மெதுவாக, பிடிவாதமாக ஏறினால் அதை நம்புங்கள்.

முள் விழுந்தது ஆறுதல் அல்ல

இந்தப் பகுதியை மற்ற வாசகர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெப்ப உணரி தன்னைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரின் சூட்டை மட்டுமே அறியும். தண்ணீர் ஆவியாகி வெளியேறி, உணரியின் நுனி வெற்றிடத்தில் நின்றால், அது அளக்க எதுவும் இல்லை. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் ‘சி’யை நோக்கி இறங்கும். முறிகண்டியில் நடந்தது அதுதான். முள் ‘எச்’சில் நின்ற நேரத்தைவிட அது விழுந்த நேரம்தான் ஆபத்தானது. நீங்கள் கேட்ட ‘டிக் டிக்’ சத்தம், அளவுக்கு மீறிச் சூடான எஞ்சினின் எரி அறைக்குள் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்த சத்தமாக இருந்திருக்கும்.

இதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இது எந்தச் சாரதிப் பாடத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பிரிவில் படித்து முடித்த பையன்கள்கூட முதல் தடவை இதைச் சொல்லும்போது நம்பமாட்டார்கள். உணரியைக் கொதிதண்ணீரில் தோய்த்தும் தூக்கியும் முள்ளைக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

இனி எப்போதாவது முள் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். ஆவி இல்லையென்றால், ஹீற்றர் வேலை செய்யும் காராக இருந்தால், கண்ணாடிகளை இறக்கி ஹீற்றரை முழுதாகத் திறப்பது கொஞ்சம் சூட்டை வெளியே இழுக்கும். ஆவி கிளம்பினால் எஞ்சினை உடனே அணையுங்கள். ரேடியேற்றர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே 100 பாகைக்கு மேற்பட்ட தண்ணீர் அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக இருக்கிறது; மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்து முகத்துக்கு வரும். என் பயிலுநர் ஒருவர் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு திறந்தும் முழங்கை வரை வெந்துபோனார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸ் குழாயைக் கையால் அமுக்கினால் மெத்தென்று அமுங்கும் நிலை வந்த பிறகே திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. உங்கள் எஞ்சினின் ஹெட் அலுமினியம். அது வளையும், வெடிக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதுதான் பதில்

நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றில்தான். வேகத்தில் போகும்போது வீதியின் காற்றே ரேடியேற்றரைக் குளிர்விக்கும். நின்றால் அந்த வேலையை மின் விசிறி செய்ய வேண்டும். உங்கள் விசிறியின் சத்தம் கேட்பதில்லை. இதைவிடத் தெளிவான தடயம் எனக்குத் தேவையில்லை. பியூஸ், ரிலே, விசிறி மோட்டர், தண்ணீர் 90 பாகையை அண்டும்போது விசிறியை இயக்கும் வெப்பச் சுவிட்ச் ஆகிய நான்கில் ஒன்று. விசிறியை இயக்கும் சுவிட்சும் மீற்றருக்கான உணரியும் வேறு வேறு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதையும் மாற்றியதாக யாரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

விசிறி மோட்டருக்குப் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். சுற்றினால், ஒரு தாளை முன் கிறில் அருகே பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வயர்களை மாற்றிப் பூட்டிவிட்டால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை வெளியே தள்ளும். சத்தம் கேட்கும், விசிறியும் சுற்றும், கார் மட்டும் கொதிக்கும். இப்படியொரு காரை மூன்று நாட்கள் பிரித்துப் பார்த்து நான் களைத்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, நின்றால் சரியாக இருந்து ஏ9இல் வேகத்தில் போகும்போது சூடேறினால், ரேடியேற்றர் அடைப்பு, வோட்டர் பம்ப்பின் தேய்ந்த இதழ்கள், உறிஞ்சும் வேகத்தில் சப்பளிந்துபோகும் கீழ் ஹோஸ் போன்றவற்றைத் தேட வேண்டும். உங்கள் கார் அந்த வகையில் இல்லை. ஆனாலும் அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியும் கிரவல் புழுதியும் ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

தண்ணீர் குறைவதற்கு முதலில் ரேடியேற்றர் மூடியைச் சந்தேகியுங்கள். அது வெறும் மூடியல்ல, ஒரு வால்வு. உங்கள் கார் செய்யப்பட்ட காலத்து யப்பானியக் கார்களில் பொதுவாக 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகையளவில்தான் கொதிக்கும். ஆறும்போது, ரேடியேற்றரிலிருந்து வழிவதைப் பிடிக்கும் மேலதிகப் போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுவதும் அதே மூடிதான். ரப்பர் வெடித்த மூடி வெளியே தள்ளும், திரும்ப எடுக்காது, 100 பாகையிலேயே கொதிக்கவும் விடும். மலிவான பொருள், இன்றே மாற்றுங்கள். மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண் பழையதன் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். கூடிய எண் நல்லதென்று வாங்கினால் பழைய ஹோஸ்கள் வெடிக்கும்.

கழற்றி எறிந்த தேர்மோஸ்டாட்

1990களில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஓட்டிய தலைமுறை நாங்கள். உதிரிப்பாகம் கிடைக்காது. பழுதானதைக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே ஓடச்செய்வதுதான் கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனத்தால் எத்தனையோ நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பாதைகள் திறந்து, பாகங்கள் கடைக்கு வந்த பிறகும் கழற்றி எறியும் கை மட்டும் நிற்கவில்லை. உங்கள் தேர்மோஸ்டாட்டைக் கழற்றியது அந்தப் பழக்கத்தின் கை என்றே நினைக்கிறேன்.

தேர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்கானது என்பது தவறு. எஞ்சின் 80 முதல் 95 பாகைக்குள் வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டது. வெளியே வெயில் எரித்தாலும் 35 பாகை அதற்குக் குளிர்தான். தேர்மோஸ்டாட் இல்லாமல் ஏ9இல் ஓடும்போது எஞ்சின் சூடேறாமலே ஓடுகிறது. பெற்றோல் கூடச் செலவாகும், சிலிண்டர்கள் விரைவில் தேயும். எஞ்சினுக்குள் உண்டாகும் நீராவி வெளியேறாமல், குளிர்ந்த ஒயில் மூடியின் அடியில் ஒயிலோடு கலந்து வெளிறிய நுரையாகப் படியும்.

இரண்டாவது கராஜில் கண்ட நுரை பெரும்பாலும் அதுதான். முதலாமவர் செய்த வேலையின் விளைவைக் கண்டு இரண்டாமவர் ஹெட் கஸ்கட் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கக்கூடும். ஒயில் கோலில் ஒயில் சுத்தமாக இருப்பது நல்ல அறிகுறி.

புதிய தேர்மோஸ்டாட்டை வாங்கியதும் வீட்டிலேயே சோதியுங்கள். பானைத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்த எண் 82 என்றால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, 95 அளவில் முழுதாகத் திறக்க வேண்டும். அதில் சிறு ஊசி போன்ற காற்றுத் துவாரம் இருந்தால், பூட்டும்போது அது மேல்பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று சிறைப்பட்டு மறுபடியும் சூடேறும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியின் பல கிணறுகளில் சவர்த்தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் படியும். மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ பயன்படுத்தி, கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலவுங்கள். கூலன்ட் பனி பெய்யும் நாட்டுக்கு மட்டும் என்பதும் தவறு: இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் காப்பது அதுதான், கொதிநிலையையும் ஏழெட்டுப் பாகை உயர்த்தும். தனிக் கூலன்டை ஊற்றவேண்டாம், அது தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். இனிப்பாக இருக்கும் நஞ்சு அது. கழற்றிய கூலன்டை முற்றத்தில் ஊற்றினால் நாயும் கன்றும் நக்கிச் சாகும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் போத்தலை உயரத்தில் வையுங்கள்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

தண்ணீரில்லாமல் கிளிநொச்சி வரை ஓடிய எஞ்சின் என்பதால், ஹெட் கஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நுரையைக் கண்டு சொல்வதை ஏற்கவேண்டாம், சோதனை கேளுங்கள். நீல நிறத் திரவம் கொண்ட ஒரு சிறு கருவி உண்டு. ரேடியேற்றர் வாயில் வைத்து, எஞ்சின் ஓடும்போது உள்ளிருந்து வரும் காற்றை உறிஞ்சினால், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். அந்தக் கருவி இல்லாத கராஜிலும், காலையில் குளிர்ந்த எஞ்சினில், மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கிளப்பிப் பார்க்கலாம்: இடைவிடாமல் குமிழிகள் வருகின்றனவா? மூடியைப் பூட்டிக் கிளப்பிய இரண்டொரு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன், மேல் ஹோஸ் கல்லாகிறதா? புகைக்குழாயில் வெள்ளை ஆவி நிற்காமல் வருகிறதா? ஆம் என்றால் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, பிறகு ஹெட்டைக் கழற்றலாம். கழற்றினால் நேர்கோலை வைத்து வளைவைப் பார்க்காமல் புதிய கஸ்கட் போடக்கூடாது. 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் மட்டமாக்க வேண்டும். இல்லையேல் இரண்டு மாதச் சம்பளம் இரண்டு மாதத்தில் ஆவியாகிவிடும்.

அந்தச் சோதனைகளுக்குப் பதில் இல்லை என்றால், விசிறி, மூடி, தேர்மோஸ்டாட், ஏர்த் இவற்றைச் செய்து முடித்த பிறகு மீற்றரை உண்மையான சூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துப்பாக்கி போன்ற வெப்பமானியை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தது இதற்கு உதவாது, அது காய்ச்சலுக்கு மேல் காட்டாது. பளபளக்கும் அலுமினியத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். தேர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் கறுப்பு நாடா ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள். 80, 90, 100 பாகைகளில் முள் எங்கே நிற்கிறது என்று மீற்றர் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். அதன்பின் அந்த மீற்றர் உங்களோடு பேசத் தொடங்கும்.

உங்கள் உரிமையும் உங்கள் கடமையும்

எந்தக் கராஜிலும் வேலைக்கு முன் தொகையை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, திருப்பிக் கேளுங்கள். சோதனைக்கு ஒரு கட்டணம், திருத்த வேலைக்கு வேறு கட்டணம் என்று பேசிக்கொண்டால், சோதனை முடிவைத் தெரிந்த பின் வேறிடம் போகவும் வழியிருக்கும். சேவையில் ஏமாற்றப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் அந்த முறைப்பாட்டுக்குக் கால் இருக்கும். உங்கள் மூன்று கராஜ்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அளக்காமல் பேசினார்கள், அவ்வளவே.

உங்கள் கணவரின் தமையனார் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். சோதனையில் ஹெட் மோசமென்று தெரிந்து, அதைத் திருத்தும் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் விற்பதில் தவறில்லை. வாங்குபவரிடம் முறிகண்டியில் நடந்ததைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். அவரும் யாரோ ஒரு தாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான் வாங்குவார். ஆனால் என் கணிப்பு சரியென்றால் விற்க வேண்டிய தேவையே வராது.

அம்மாவின் கிளினிக்

இந்த மாதம் இந்தக் காரில் போகவேண்டாம். பஸ்ஸிலோ தெரிந்தவரின் ஓட்டோவிலோ போய்வாருங்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி அவ்வளவு தூரம் ஓடிவிடலாம் என்ற கணக்கு, மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே நிழலில்லாத ஓரிடத்தில், வயதான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழைத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

இடையில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மூடி, விசிறி, ஏர்த், தேர்மோஸ்டாட், குமிழிச் சோதனை என்ற வரிசையில் செய்வியுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். முடிந்ததும் ஊருக்குள்ளேயே ஒரு வாரம் ஓட்டி, ஒவ்வொரு காலையிலும் குளிர்ந்த எஞ்சினில் தண்ணீர் மட்டத்தை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஏழு நாளும் மட்டம் இறங்காமல், பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிட்டபோது விசிறி தானாகச் சுற்றி, தானாக நின்றால், அதற்கடுத்த மாதக் கிளினிக்குக்கு அம்மாவை உங்கள் காரிலேயே கூட்டிப்போங்கள். மட்டம் இறங்கினால் அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.